இமாற்றினிப் குளிசை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் கொப்பியில் சி.எம்.எல். என்று எழுதப்பட்டவர்களும் அவர்களோடு வைத்தியசாலைக்கு அலைகிற பிள்ளைகளும் மருந்து வாங்கும் யன்னலடியில் கேட்கும் கேள்விகள் இவை. நான் மருந்தாளர், வைத்தியர் அல்ல. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கிற வைத்திய நிபுணரின் வேலை. அந்த இடம் வரும்போது அவரிடமே அனுப்பிவிடுவேன். மற்றக் கேள்விகளுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

இது என்ன வருத்தத்துக்குக் கொடுக்கிற மருந்து?

முக்கியமாக சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலொயிட் லூக்கீமியாவுக்கு. என்பு மச்சையில் வெண்குழியங்கள் கணக்கில்லாமல் உற்பத்தியாகும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் அது. சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெண்குழியங்கள் இவர்களில் பலருக்கு ஒரு லட்சத்தையும் தாண்டியிருக்கும். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, நாலு வாய் சோறு தின்றதுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் அகப்பட்டுவிடுகிறது.

காரணம் ஒரு நிறமூர்த்தக் கோளாறு. 9ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் 22ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. வழமையைவிடக் குட்டையாகிப்போன அந்த 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்ட் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் உங்கள் ரிப்போட்டில் 'பிலடெல்பியா' என்ற ஊர்ப்பெயர் வருகிறது. துண்டுகள் இடம் மாறியதால்தான் அது குட்டையானது என்பதை 1973இல் ஜனட் ரவுலி காட்டினார்.

ஒட்டிய இடத்தில் புதிதாக ஒரு புரதம் உருவாகி, 'பெருகு, பெருகு' என்று குழியத்துக்கு ஓயாமல் கட்டளையிடும். வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுப் பலகை பூட்ட முடியாமல் திறந்தே கிடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இமாற்றினிப் அந்தப் புரதத்தின் வேலை செய்யும் குழிக்குள் போய் உட்கார்ந்து அதை அடைக்கிறது. மதகு திருந்திவிடுவதில்லை, கையால் அமத்திப் பிடிக்கிறோம், அவ்வளவுதான். கையை எடுத்தால் தண்ணீர் மறுபடி பாயும். தினமும் ஏன் குளிசை என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

அதே பிலடெல்பியா நிறமூர்த்தம் உள்ள ஏ.எல்.எல். என்ற கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்தும், குடல், இரைப்பையில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்கும் இதைக் கொடுப்பார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் சி.எம்.எல். காரருக்கானது.

இது கீமோவா? முடி கொட்டுமா?

கீமோ என்று நாங்கள் வழக்கமாகச் சொல்வது வேகமாகப் பெருகும் குழியங்கள் எல்லாவற்றையும் அடிக்கும் மருந்து. இமாற்றினிப் மேலே சொன்ன புரதத்தையும் அதைப் போன்ற வேறு சிலவற்றையும் மட்டும் குறிவைக்கும் குளிசை. சேலைன் ஏற்றத் தேவையில்லை, பெரும்பாலானவர்களுக்கு முடியும் கொட்டாது. அதற்காக லேசான மருந்து என்று எண்ண வேண்டாம்.

பிளட் கான்சர் என்றதும் வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். எவ்வளவு காலம் இருப்பார்?

அழுவதற்குக் காரணம் உண்டு. 2001க்கு முன் இந்த வருத்தம் வந்த பெரும்பாலானோர் சில வருடங்களுக்குள் இறந்தார்கள். இன்ரபெரோன் ஊசியும் ஹைட்ரொக்சியூரியாவும் இருந்தன. பொருந்துகிற உறவினர் கிடைத்தால் என்பு மச்சை மாற்றமும் செய்யலாம். எங்கள் பக்கத்தில் அது எத்தனை பேருக்கு எட்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1998 ஜூனில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிரையன் ட்ரக்கர் என்ற வைத்தியரின் முயற்சியால் இந்தக் குளிசை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த முதற்கட்ட ஆய்வில் நாளுக்கு 300 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை முழுதாகச் சீரானது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில், இமாற்றினிப்போடு சிகிச்சை தொடங்கியவர்களில் 83 வீதமானோர் 10 வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். இறந்தவர்களிலும் எல்லாரும் இந்த வருத்தத்தால் இறக்கவில்லை.

உங்கள் வாப்பாவுக்கு, உங்கள் அம்மாவுக்கு எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பது பெரிய விடயம். ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டு, குளிசையைத் தவறாமல் எடுத்து, பரிசோதனைக்கும் போகிறவர் சீனி வருத்தக்காரரைப் போலப் பல வருடம் வேலைவெட்டி செய்துகொண்டு இருப்பது இன்று சாதாரணம்.

தொற்றுமா? பிள்ளைகளுக்கு வருமா?

தொற்றாது. ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். பரம்பரையாகவும் போகாது, ஏனென்றால் அந்த மாற்றம் பிறந்த பிறகு என்பு மச்சைக் குழியம் ஒன்றில் ஏற்படுவது. மகளுக்குக் கல்யாணம் பேசும் இடத்தில் தகப்பனின் வருத்தத்தை ஒரு குறையாக எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

எப்படி எடுக்க வேண்டும்?

ஆரம்பக் கட்ட சி.எம்.எல். உள்ள பெரியவர்களுக்கு வழமையான அளவு நாளுக்கு 400 மி.கி., ஒரே தடவையில். நோய் முற்றிய கட்டத்தில் 600 ஆகலாம், 800 என்றால் இரண்டு வேளையாகப் பிரிப்பார்கள். உங்கள் மருந்துத் துண்டில் எழுதியிருப்பதே உங்களுக்கான அளவு.

சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், வாந்தியும் வரும். 'காலையில் ஒரு பிளேன்ரீயோடு போட்டேன், முழுக்க வெளியே வந்துவிட்டது' என்று வந்து சொல்பவர்கள் அநேகம். பிளேன்ரீ சாப்பாடு அல்ல. பிட்டோ இடியப்பமோ சோறோ, வயிறு நிறையத் தின்னும் வேளை எதுவோ அதுதான் உங்கள் குளிசை வேளை. வயலுக்கோ கடலுக்கோ விடியப் போகிறவர் மத்தியானம் வைத்துக்கொள்ளலாம். நேரத்தை மட்டும் நாளுக்கு நாள் மாற்ற வேண்டாம். இரவில் எடுத்தால் விழுங்கியதும் பாயை விரிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

விழுங்க முடியாதவர்கள் 100 மி.கி. குளிசை என்றால் 50 மில்லிலீற்றர், 400 என்றால் 200 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு, கரண்டியால் கலக்கிக் கரைந்ததும் குடித்துவிடலாம். கரைத்து வைத்துவிட்டுப் பிறகு குடிப்பது கூடாது. உரலிலோ கல்லிலோ இடித்துத் தூளாக்கவும் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த குளிசையை அவர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தி 4 குளிசை தந்தீர்கள், இந்த முறை 1 தான். குறைத்துவிட்டீர்களா?

இல்லை. 100 மி.கி. குளிசை 4ம் 400 மி.கி. குளிசை 1ம் ஒன்றே. கையிருப்பில் எது வருகிறதோ அதைப் பொறுத்து மாறும்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமல் வாங்கிப் போகிறவர்களை நினைத்தால்தான் பயம். மாதக்கணக்காக உள்ளங்கையில் நாலை எண்ணிப் பழகிய அம்மா, பெரிய குளிசையையும் நாலாக எண்ணினால் அன்று அவர் உடம்புக்குள் போவது 1,600 மி.கி. அதனால் பைக்கற்றின் மேல் 'தினமும் 1' என்று பேனாவால் பெரிதாக எழுதி, வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய அட்டை மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். தவறுதலாகக் கூடுதலாக எடுத்துவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அட்டையோடு வைத்தியசாலைக்கு வாருங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு போடலாமா?

கூடாது. அன்றே நினைவு வந்தால் சாப்பாட்டோடு எடுங்கள். அடுத்த வேளை கிட்டிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிட்டு வழமைபோலத் தொடருங்கள். குளிசை போட்ட பிறகு வாந்தி எடுத்தாலும் அதற்குப் பதிலாக இன்னொன்று போட வேண்டாம்.

ஒரு நாள் மறப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அது பழக்கமானால் விடயம் வேறு. லண்டனில் சி.எம்.எல். நோயாளிகள் 87 பேருக்கு, மூடியைத் திறக்கும் நேரத்தைத் தானே பதியும் மருந்துப் போத்தல்களைக் கொடுத்து 3 மாதம் கவனித்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், 10க்கு 9 குளிசைக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் ஆழமாக அடங்கியிருந்தது. அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் அது சிலருக்குத்தான். 10க்கு 8ஐத் தாண்டாதவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. மாதம் 3 நாள் விடுபடுவது எங்கள் கணக்கில் 'ஒழுங்காகத்தான் எடுக்கிறார்' என்ற வகை. நோயின் கணக்கு அப்படி இல்லை.

கலண்டர்த் தாளில் புள்ளி போடுங்கள், அல்லது போனில் அலாரம் வையுங்கள். விடுபட்டிருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மிஸி ஏசுவா என்று பயந்து 'ஒன்றும் விடவில்லை' என்று சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று வைத்தியர் முடிவெடுத்து வேறு மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.

விடிய எழும்பினால் கண் இரண்டும் வீங்கி இருக்கிறது. கிட்னி பழுதா?

இந்தப் பயத்தில் குளிசையைத் தாங்களாகவே நிறுத்தியவர்கள் உண்டு. கண்ணைச் சுற்றி வீங்குவது இமாற்றினிப் எடுப்பவர்களிடம் மிகச் சாதாரணம். உடம்பில் நீர் தேங்குவதால் வருவது, காலையில் கூடுதலாகத் தெரியும், வெயில் ஏற ஏறக் குறையும். உப்பைக் குறையுங்கள். எங்கள் வீடுகளில் அது முதலில் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதுதான். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அப்படியும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், கிட்னிக்கான இரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள்.

இரவில் கெண்டைக்கால் பிடித்திழுப்பது அடுத்த முறைப்பாடு. விரல்களிலும் வரும். காலை நீட்டிப் பாதத்தை உடம்புப் பக்கம் மடக்கி நீவினால் இளகும். வெயிலில் வேலை செய்கிறவர் தண்ணீர் போதியளவு குடிக்காவிட்டால் இது கூடும். அடிக்கடி வந்தால் இரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவைப் பார்க்கச் சொல்வார்கள்.

குமட்டல், வயிற்றோட்டம், களைப்பு, மூட்டு நோவு, தோலில் தடிப்பு இவையும் வரும். பலருக்கு முதல் சில மாதங்களில் கூடி, பிறகு தணியும். இன்னொன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: தோல் நிறம் வெளிறலாம். எங்களைப் போன்ற மாநிறக்காரரிடம் அது பளிச்சென்று தெரியும். ஊரில் 'என்ன கிறீம் பூசுகிறாய்?' என்று பகிடி பண்ணுவார்கள். அதனால் ஆபத்தில்லை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். வெயிலுக்குத் தோல் எரிந்தால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள்.

தலைச்சுற்றோ கண் மங்கலோ இருக்கும் நாளில் ஓட்டோ, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் வேண்டாம்.

எப்போது கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது?

மூச்சு வாங்கினால், சில நாட்களுக்குள் நிறை மளமளவென்று ஏறிக் கால், வயிறு வீங்கினால், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கடும் நிறமாகப் போனால், மலம் தார் போலக் கறுத்தால், முரசிலோ மூக்கிலோ இரத்தம் வடிந்தால், தோலில் காரணமில்லாமல் கண்டல் விழுந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கல்முனையோ அக்கரைப்பற்றோ களுவாஞ்சிக்குடியோ வாழைச்சேனையோ, கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கு முதலில் போங்கள், அங்கிருந்து அனுப்ப வேண்டுமென்றால் அவர்கள் அனுப்புவார்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியும் குளிசை அட்டையும் கையில் இருக்கட்டும்.

டெங்கு காலத்தில் என்ன செய்வது?

மழை தொடங்கியதும் எங்கள் இரு மாவட்டத்திலும் டெங்கு கிளம்பும். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளை டெங்கு இறக்கும். இமாற்றினிப்பும் அவற்றை இறக்கக்கூடியது. அதனால் இந்தக் குளிசை எடுக்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் 'மூன்று நாள் பார்ப்போம்' என்ற பேச்சு வேண்டாம். முதல் நாளே இரத்தம் சோதியுங்கள், அனுமதிக்கும் வார்டில் முதல் வசனமாக 'சி.எம்.எல்., இமாற்றினிப் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். சிறுதட்டுகள் 50,000க்கும் கீழே இறங்கினால் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். அதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை வார்டும் கிளினிக்கும் பேசி முடிவெடுக்கட்டும்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். இரண்டு மருந்துமே ஈரலுக்கு வேலை கொடுப்பவை. அஸ்பிரின், டைக்ளோபெனாக், இபுபுரூபன் மூன்றும் வேண்டாம். கடையில் 'உடம்பு நோவுக்கு ஒன்று தாங்க' என்று கேட்டு வாங்கும் கலவைக் குளிசைக்குள் இவை இருக்கும்.

வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து எடுக்கும் முன்னும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்த்து எடுக்கலாமா? கசாயம்?

இமாற்றினிப்பை ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த வேலையை வேகப்படுத்தும் மருந்துகள் குளிசையின் பலத்தைக் குறைக்கும்: சயரோகத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின், கார்பமசெபின். மந்தமாக்குபவை இரத்தத்தில் மருந்தைக் கூட்டிவிடும்: பங்கசுக்கான கீற்றோகொனசோல், கிளரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக். மறுபக்கம், இமாற்றினிப் தானும் சிலவற்றின் அளவைக் கூட்டும். கொலஸ்ரரோலுக்கான சிம்வஸ்டற்றின், பிரஷருக்கான அம்லோடிபின் எல்லாம் அதில் அடக்கம். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களுக்குக் கட்டாயம் மாற்று ஏற்பாடு தேவை. தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டுத் தைரொக்சின் போடுகிறவர்களுக்கு அந்த அளவு போதாமல் போகலாம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பல் பிடுங்கப் போனாலும் சரி, தனியார் கிளினிக்குக்குப் போனாலும் சரி, கொப்பியை நீட்டுங்கள்.

மஞ்சள்காமாலை பி வகை எப்போதாவது வந்திருந்தால், தொடங்கும் முன்பே சொல்லுங்கள். அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் இந்த மருந்தால் மறுபடி எழும்பக்கூடும்.

பழங்களில் கிரேப்புரூட்டும் அதன் சாறும் கூடாது, அதன் இனமான பம்ளிமாசையும் தவிர்ப்பது நல்லது. மற்றப்படி மாம்பழம், வாழைப்பழம், வெள்ளரி, மீன், எருமைத் தயிர் எல்லாம் உங்கள் இஷ்டம். கறிக்குப் போடும் மஞ்சளும் மல்லியும் பிரச்சினை இல்லை. 'கான்சருக்கு நல்லது' என்று யாரோ அனுப்பும் மஞ்சள் கப்சூலும், பெயர் தெரியாத தூளும், பரியாரியார் கொடுக்கும் குடிநீரும் வேறு விடயம். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்கள் வைத்தியருக்கும் தெரியாது, ஈரலுக்குத்தான் தெரியவரும். நாட்டு வைத்தியத்தை இழிவாக நினைத்து இதைச் சொல்லவில்லை. ஈரல் பரிசோதனை கூடி வந்தால் எதனால் கூடியது என்று பிரித்தறிய முடியாமல் போகும், முதலில் நிறுத்தப்படுவது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் குளிசையாகத்தான் இருக்கும். சாராயம், கசிப்புக்கும் இதே கதைதான்.

நோன்பு பிடிக்கலாமா? விரதம்? கதிர்காமப் பாதயாத்திரை?

நாளுக்கு ஒரு வேளைக் குளிசை என்பதால் நோன்பு காலத்தில் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது பலருக்குப் பொருந்தும். கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து, மஃரிப் தொழுதுவிட்டு, சாப்பாடு சாப்பிடும்போது தண்ணீரோடு குளிசை. ஸஹருக்கு எடுத்தால் பகல் முழுக்கக் குமட்டலையும் தாகத்தையும் தாங்க வேண்டிவரும். ஆனால் புதிதாகத் தொடங்கியவர்கள், வயிற்றோட்டம் உள்ளவர்கள், 800 மி.கி. எடுப்பவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை உங்கள் மௌலவியே சொல்வார்.

கந்தசஷ்டி போன்ற விரதங்களில் ஒரு வேளை உண்பவர்கள் அந்த வேளையோடு போடலாம். பாலும் பழமும்தான் என்று இருந்தால் வயிறு தாங்காது. தண்ணீர்கூட இல்லாமல் இருக்கும் விரதம் இந்தக் குளிசையோடு ஒத்துவராது.

உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே நடப்பதைப் பற்றி: எண்ணிக்கைகள் சீராக இருந்து, வைத்தியரும் சம்மதித்தால் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் மருந்துக்கடை கிடையாது, ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, குளிசையை நனையாத பைக்குள் சில நாள் கூடுதலாகவே கொண்டுபோக வேண்டும். வெண்குழியம் குறைந்திருக்கும் வருடத்தில் பஸ்ஸில் போய்க் கும்பிட்டாலும் முருகன் கோபிக்க மாட்டார்.

பிள்ளை பெறலாமா?

பெண்கள் இந்தக் குளிசை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, சிசுவுக்கு ஊனம் வரலாம். எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு குறைந்தது 15 நாளும் நம்பகமான கர்ப்பத்தடை வேண்டும். பாலூட்டவும் கூடாது. கல்யாணம் முடித்த இளம்பெண்கள் இதைக் கேட்க வெட்கப்பட்டு, நாள் தள்ளிப்போன பிறகு குளிசையைத் தாங்களே நிறுத்திவிட்டு வருவது நடக்கிறது. ஆசை இருந்தால் முன்பே சொல்லுங்கள். நோய் ஆழமாக அடங்கியிருந்தால், திட்டமிட்டு மருந்தை நிறுத்திப் பிள்ளை பெற வழி இருக்கிறது. எதிர்பாராமல் தரித்துவிட்டால் அன்றே வாருங்கள்.

ஆண்கள் எடுக்கும்போது பிறந்த பிள்ளைகளிடம் பொதுவாகக் குறை காணப்படவில்லை. இருந்தாலும் கிளினிக்கில் பேசிவிட்டுத் தீர்மானியுங்கள்.

ஏன் இத்தனை தடவை இரத்தம் எடுக்கிறார்கள்?

இரண்டு வகைப் பரிசோதனை. ஒன்று சாதாரண இரத்த எண்ணிக்கையும் ஈரல் பரிசோதனையும். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை என்ற அளவில் தொடங்கி, போகப் போக இடைவெளி கூடும். மற்றது பி.சி.ஆர். பரிசோதனை, கோளாறான அந்த மரபணு இரத்தத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. 3 மாதத்துக்கு ஒருமுறை செய்வது முறை. 3 மாதத்தில் 10 வீதத்துக்குள், 6 மாதத்தில் 1 வீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 வீதத்துக்குள் வந்தால் நல்ல பாதையில் போகிறீர்கள்.

எண்ணிக்கை சீரானதும் 'சுகம்' என்று எண்ணி பி.சி.ஆருக்குப் போகாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது எல்லா வைத்தியசாலையிலும் செய்யப்படும் பரிசோதனை அல்ல என்பதால் அலைச்சலும் செலவும் இருப்பது உண்மைதான். ஆனால் வெண்குழியம் 7,000 என்று அழகாக இருக்கும்போதே உள்ளே நோய் மெல்லத் தலைதூக்குவதைக் காட்டுவது இது ஒன்றே. முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள், ரிப்போட்டுகளைத் திகதி வாரியாக ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.

எல்லாம் நோர்மல். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த முடியாது. பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், 2 வருடத்துக்கு மேல் பி.சி.ஆரில் நோயே தெரியாதவர்களுக்குக் கண்காணிப்போடு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 10 பேரில் 6 பேரளவில் நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள். உடனே கண்டு குளிசையை மீண்டும் தொடங்கியதால் அடங்கியது. ஆகவே நிறுத்தும் முயற்சி என்பது பல வருடச் சிகிச்சை, ஆழமான அடக்கம், நிறுத்திய பிறகு முதல் மாதங்களில் மாதாமாதம் பி.சி.ஆர். என்ற மூன்றும் சேர்ந்தது. மூன்றாவது கிடைக்காத இடத்தில் அதைத் தொடங்கக் கூடாது. கண்காணிப்பு இல்லாமல் விட்டு, நோய் முற்றிய கட்டத்தில் திரும்பி வருகிறவரை இந்தக் குளிசையால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

வேலை செய்யாவிட்டால்?

முதலில், ஒழுங்காக எடுத்தாரா என்று பார்ப்பார்கள். பிறகு அளவைக் கூட்டுவார்கள் அல்லது நிலோற்றினிப், டசற்றினிப் போன்ற அடுத்த தலைமுறைக் குளிசைக்கு மாற்றுவார்கள். நிலோற்றினிப்புக்கு மாறினால் சாப்பாட்டு விதி தலைகீழ்: அதை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்.

பெட்டியும் நிறமும் மாறிவிட்டது. இந்தியக் குளிசை தரமானதா?

உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே, தயாரிக்கும் கம்பனிதான் வேறு. நொவார்டிஸ் கம்பனி கிளிவெக் என்ற பெயரில் இதை வெளியிட்டபோது அமெரிக்காவில் மாதம் 2,000 டொலருக்கு மேல் விலை. இந்தியக் கம்பனிகள் மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்க, நொவார்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டு வழக்காடியது. 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதை மறுத்துத் தீர்ப்பளித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இமாற்றினிப்பைச் சேர்த்தது. எங்கள் ஊரில் ஒரு கூலித்தொழிலாளி இந்தக் குளிசையை விழுங்க முடிவதற்குப் பின்னால் விலை குறைந்த இந்தத் தயாரிப்புகள்தான் இருக்கின்றன, அதனால் அவற்றை வெறுமனே சந்தேகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மாறிய பிறகு புதிதாகப் பக்கவிளைவு வந்தால் சொல்லுங்கள், அடுத்த பி.சி.ஆரையும் தவறவிடாதீர்கள். பதிவு செய்யப்படாத, யாரோ சூட்கேசில் கொண்டுவந்து விற்கும் மருந்து மட்டும் வேண்டாம்.

வைத்தியசாலையில் இல்லை என்கிறார்கள். வெள்ளத்தில் வரவும் முடியாது. என்ன செய்வது?

அரச வைத்தியசாலையில் இது இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையில் பதிந்தவர்களும் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இல்லை என்ற பதில் வந்தால் வீட்டுக்குத் திரும்பிப்போய் அடுத்த கிளினிக் வரை இருக்காதீர்கள். வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கேளுங்கள், அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் விசாரியுங்கள். கட்டுப்படியாகாதென்றால் வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இருக்கிற குளிசையை 'நாள் நீடிக்கட்டும்' என்று ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி.

கார்த்திகை, மார்கழியில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும், வவுணதீவு, வாகரைப் பக்கமும் பாதை துண்டிக்கப்படும். அப்படியான ஊர்க்காரர் ஐப்பசியிலேயே வைத்தியரிடம் சொல்லி இரண்டு வாரக் குளிசை கூடுதலாக எழுதுவியுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கேட்கிறவர்தான் குறைவு. அட்டையிலிருந்து பிரிக்காமல், பொலித்தீனில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் உயரமான இடத்தில் வையுங்கள். 30 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கத் தேவையில்லை, அதன் தலையில் வைக்கவும் வேண்டாம், அந்த இடம் சூடு. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பகல் முழுக்கக் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தால் மாற்றித் தரத்தான் பார்ப்பேன்.

மருந்து மாற்றிவிட்டார்கள். மிச்சக் குளிசையை அதே வருத்தமுள்ள இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

நல்ல மனம்தான், ஆனால் கைக்குக் கை வேண்டாம். அவருடைய அளவு வேறாக இருக்கலாம், ஈரல் நிலையும் வேறாக இருக்கலாம். அட்டை பிரிக்காமல், திகதி முடியாமல் இருந்தால் மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள், என்ன செய்யலாம் என்று அங்கே சொல்வார்கள். வாவியிலோ கிணற்றடியிலோ மலசல கூடத்திலோ கொட்ட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டும் குப்பைவாளியிலும் போட வேண்டாம்.